உணர்வு ஒன்றாக இருப்பதால் அதை உடையதும் பகுதியற்றதாக இருக்க வேண்டுமா?

வெள்ளவத்தை வாசகர் (இழையைத் தொடங்கியவர்)

ஞாயிறு மாலைகளில் கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூலாகிய சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தை அண்மையில் படித்து முடித்தோம். உடலும் பொறிகளும் மூச்சும் அல்லாத ஆன்மா ஒன்று உண்டு என்பதற்கு அந்நூலாசிரியர் மெய்கண்டார் அதில் காரணங்களை அடுக்குகிறார். அவற்றுள் 'ஐம்புலன்' என்ற ஒரே சொல்லில் அடங்கிய காரணத்தில் எங்கள் பேச்சு நின்றுவிட்டது. கண் அறிவதைக் காது அறியாது, காது அறிவதை மூக்கு அறியாது. ஆயினும் கண்டதையும் கேட்டதையும் முகர்ந்ததையும் சேர்த்து 'நான் அறிந்தேன்' என்று சொல்லும் ஒன்று இருக்கிறது. ஆகவே அது அந்த ஐந்தனுள் எதுவும் அன்று என்பது அதன் பொருள்.

இதே எண்ணம் வேறு நாடுகளிலும் வேறு காலங்களிலும் எழுந்திருக்கிறது. லைப்னிட்ஸ் 1714இல் எழுதிய மொனாடாலஜியில், சிந்திக்கும் இயந்திரம் ஒன்றை ஓர் ஆலையின் அளவுக்குப் பெருப்பித்து அதனுள்ளே நுழைந்து பார்த்தால், ஒன்றையொன்று தள்ளும் உறுப்புகளைக் காண்போமே தவிர அறிவை விளக்கும் எதையும் காணமாட்டோம் என்றார். அறிவைக் கூட்டுப்பொருளில் தேடக்கூடாது, எளிய பொருளில்தான் தேட வேண்டும் என்பது அவர் முடிவு. எதிர்ப்பக்கத்தில் இன்று பரவலாக இருக்கும் கருத்து, உணர்வு என்பது சிக்கலின் விளைவு, போதிய அளவு சிக்கலான அமைப்பில் அது தானாகவே தோன்றும் என்பது.

இரு பக்கத்தாரும் ஒரே இடத்தில் தாவுகிறார்கள் என்பது என் கருத்து. ஒரு குறளின் ஏழு சீர்களை ஏழு பேரிடம் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து, ஒவ்வொருவரும் தம் சீரை மட்டும் நினைத்திருக்கச் செய்தால், குறளை அறிந்தவர் அங்கே ஒருவரும் இல்லை. கான்ட் 1781இல் ஒரு செய்யுளின் சொற்களை வைத்தும், வில்லியம் ஜேம்ஸ் 1890இல் பன்னிரண்டு சொற்களைப் பன்னிரண்டு பேருக்குப் பகிர்ந்தும் இதையே சொன்னார்கள். ஏழு சீர்களும் ஓரிடத்தில் சேர்ந்தால்தான் பொருள் விளங்கும், சேரும் அந்த இடம் பகுதியற்றதாக இருக்க வேண்டும் என்று இந்த வாதம் முடிகிறது. ஆன்மா பற்றிய வாதங்களில் இதை கிரேக்கக் காவிய வீரன் அக்கிலீஸ் போன்ற வலிமை உடையது என்று மதித்த கான்ட், அதற்குப் பிறகே அதை அறுத்தார். பல பொருள்கள் கூடிச் செய்யும் செயலும் ஒரே எண்ணமாக அமையலாம், ஓர் உடலின் அசைவு அதன் பகுதிகள் அனைத்தினதும் அசைவாக இருப்பதைப் போல, என்றார் அவர். 'நான்' என்ற எண்ணத்தில் பகுதிகள் தென்படாதிருப்பது அந்த எண்ணத்தில் உள்ளடக்கம் எதுவும் இல்லாததால் மட்டுமே. எண்ணுகின்ற பொருள் பகுதியற்றது என்பதற்கு அது சான்றாகாது.

இதை நான் மறுதிசைக்கும் நீட்டுகிறேன். அனுபவத்தின் ஒருமையிலிருந்து அனுபவிப்பதன் எளிமைக்குத் தாவ முடியாது என்றால், மூளையின் சிக்கலிலிருந்து அனுபவத்தின் இருப்புக்கும் அவ்வாறே தாவ முடியாது. இதில் உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

கொட்டாஞ்சேனை ஆசிரியர்

தம்பி, நல்ல கேள்வியை எடுத்திருக்கிறீர்கள். ஆனால் மெய்கண்டாரை லைப்னிட்ஸின் பக்கத்தில் நிறுத்தியது பொருந்தாது. லைப்னிட்ஸின் எளிய பொருள் தன் காட்சிகளைத் தன்னுள்ளிருந்தே விரிக்கிறது. சித்தாந்தத்தின் ஆன்மா அப்படிப்பட்டதன்று. மூன்றாம் சூத்திரமே 'உணர்த்த உணர்தலின்' என்று முடிவை நோக்கிச் செல்கிறது. நான்காம் சூத்திரம் அந்தக்கரணங்களாகிய உட்கருவிகளுள் ஒன்றும் ஆன்மா அன்று என்று சொன்ன கையோடு, சகச மலத்தால், அதாவது இயல்பாகவே உடனிருக்கும் மாசால், அது தானாக உணராது என்றும் சொல்கிறது. கருவிகள் நீங்கிய கேவல நிலையில் ஆன்மா இருந்தும் அறியாது; மனம், புத்தி, அகங்காரம், சித்தம் முதலிய கருவிகள் கூடும் அளவுக்கே அறியும்; சார்ந்ததன் வண்ணமாவது அதன் இயல்பு.

ஆகவே 'எளியதா, சிக்கலானதா' என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நெருக்கடி எங்களுக்கு இல்லை. அறிகின்ற பொருள் ஒன்று. அது அறிவதற்குத் துணையாகும் தத்துவங்கள் எனப்படும் கருவிகள் 36. சிக்கல் முழுவதும் கருவிகளின் பக்கத்தில் இருக்கிறது. மூளையை எவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்தாலும் அது கருவிகளைப் பற்றிய ஆராய்ச்சியே என்பதால், அதைக் கண்டு நாங்கள் அஞ்சவும் வேண்டியதில்லை.

இரவுப்பணி

நான் மயக்க மருந்துத் துறையில் பணியாற்றும் வைத்தியர். ஆசிரியர் ஐயா குறிப்பிட்ட அதே சூத்திரத்தில் 'கண்படில் உண்டிவினை இன்மையின்' என்ற தொடர் உண்டு. உறக்கத்தில் மூச்சு ஓடிக்கொண்டிருந்தும் நுகர்வும் செயலும் இல்லை, ஆகவே மூச்சு ஆன்மா அன்று என்பது அதன் கருத்து. சத்திரசிகிச்சைக் கூடத்தில் இதை நாள்தோறும் காண்கிறேன்: மூச்சை இயந்திரம் நடத்துகிறது, இதயம் துடிக்கிறது, அனுபவம் மட்டும் இல்லை.

சிக்கலின் அளவு உணர்வைத் தருகிறது என்ற கருத்து ஏன் அப்படியே நிற்க முடியாது என்பதற்குத் தத்துவ வாதத்தைவிட உறுதியான சான்று எங்கள் துறையில் இருக்கிறது. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்கள் உள்ளன என்று 2009இல் வெளியான கணக்கெடுப்புக் காட்டியது. அவற்றுள் ஏறத்தாழ 6,900 கோடி, உயர்தர உயிரியலில் மூளி என்று நாம் படித்த சிறுமூளையில் இருக்கின்றன. ஆயினும் சிறுமூளை பெரிதும் சிதைந்தவர்கள் நடையிலும் பேச்சிலும் தடுமாறுகிறார்களே தவிர உணர்வை இழப்பதில்லை. சிறுமூளையே இல்லாமல் பிறந்து 24 வயதை அடைந்த சீனப் பெண் ஒருவரைப் பற்றிய மருத்துவ அறிக்கை 2014இல் வெளியானது. அவர் தாமதமாக நடக்கவும் பேசவும் கற்றுக்கொண்டார், உணர்வற்றவராக இருந்ததில்லை. எண்ணிக்கைதான் காரணம் என்றால் அவருக்கு ஐந்தில் ஒரு பங்கு உணர்வே இருந்திருக்க வேண்டும்.

செயலின் மிகுதியும் காரணமன்று. வலிப்பின்போது நரம்புக்கலங்கள் பெருந்திரளாக ஒரே கதியில் துடிக்கின்றன, அப்போதுதான் நினைவு தப்புகிறது. மிலான் நகரில் மசிமினியின் குழுவினர் 2013இல் வெளியிட்ட முறை இந்த இடத்தை நேராகத் தொடுகிறது. தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பு ஒன்றை மூளைப் புறணிக்குச் செலுத்தி, அதற்கு மூளை தரும் மின் எதிர்வினையைப் பதிவுசெய்து, கணினிக் கோப்பைச் சுருக்கும் முறையில் அந்தப் பதிவை எவ்வளவு சுருக்க முடிகிறது என்று அளக்கிறார்கள். விழித்திருப்பவரின் எதிர்வினை பல பகுதிகளுக்கும் பரவி, பகுதிக்குப் பகுதி மாறுபடுவதால் எளிதில் சுருங்குவதில்லை. ஆழ்ந்த உறக்கத்திலும் புரொபொஃபோல் என்ற மருந்து தரும் மயக்கத்திலும் அது ஓரிடத்திலேயே அடங்கும், அல்லது எங்கும் ஒரே அலையாகப் பரவி எளிதில் சுருங்கிவிடும். கெற்றமீன் என்ற இன்னொரு மயக்க மருந்து கொடுக்கப்பட்டவர்கள் கூப்பிட்டால் அசைவதில்லை, ஆனால் விழித்த பின் தெளிவான கனவுகளைச் சொல்கிறார்கள். அவர்களுடைய அளவு விழிப்பு நிலைக்கு அருகிலேயே நிற்கிறது.

என் தொழிலில் இது ஏட்டுப் பேச்சாக நின்றுவிடுவதில்லை. 2006இல் ஏட்ரியன் ஓவனின் குழுவினர், உணர்வற்றவர் என்று கருதப்பட்ட பெண் ஒருவரை டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னபோது, நலமுள்ளவரின் மூளையில் தோன்றும் அதே செயற்பாடு அவர் மூளையிலும் தோன்றியதைக் காட்டினார்கள். வெளியில் அசைவே இல்லாத ஒருவருள் உணர்வு இருக்கலாம் என்பதால், இந்த அளவுகோல்கள் சரியாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மிகுந்த அக்கறை உண்டு.

தெமட்டகொடை நிரலாளர்

டொக்டர் சொன்ன அளவீடு மதிப்புள்ளது. ஆனாலும் 'சிக்கல்' என்ற சொல் அதில் எதைக் குறிக்கிறது என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கொல்மகோரொவ் 1965இல் தந்த வரையறையின்படி, ஒரு தொடரின் சிக்கல் என்பது அதை உருவாக்கும் மிகக் குறுகிய நிரலின் நீளம். அந்த வரையறையின்படி, கண்டபடி சிதறிய எண்களின் தொடரே மிகச் சிக்கலானது, ஏனெனில் அதைச் சுருக்கவே முடியாது. வெறும் இரைச்சலுக்கு உணர்வு உண்டு என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆகவேதான் டொனோனியும் எடெல்மனும் 1998இல் இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்தார்கள்: பகுதிகள் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபட வேண்டும், அதே வேளையில் அனைத்தும் ஒன்றாகப் பிணைந்திருக்கவும் வேண்டும். சிறுமூளை ஏன் விலகுகிறது என்பதும் இதனால் விளங்குகிறது. அதன் நுண்பகுதிகள் பெரும்பாலும் தத்தம் வேலையைத் தனித்தனியே செய்கின்றன.

ஆனால் டொனோனி 2004இல் இதை ஒருங்கிணைந்த தகவல் கோட்பாடாக வளர்த்து, பிணைப்பின் அளவே உணர்வின் அளவு என்று சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. கணினியியலாளர் ஸ்கொட் ஆரன்சன் 2014இல், எளிய தருக்கப் படலைகளை (logic gates) ஒழுங்கான வலையாக இணைத்து வேண்டிய அளவு பெரிதாக்கினால், கோட்பாட்டின் கணக்குப்படி அது மனிதரை விடவும் உணர்வு மிகுந்ததாகிவிடும் என்று காட்டினார். டொனோனி அந்த முடிவை மறுக்கவில்லை. அப்படியானால் வலைக்கும் உணர்வு உண்டு என்று ஏற்றுக்கொண்டார். அவருடைய நேர்மையை மதிக்கிறேன், முடிவை ஏற்கவில்லை.

அளவைத் துல்லியமாக அறிந்தாலும் கேள்வி தீராது என்பதற்கு எனக்குத் தெரிந்த தெளிவான உதாரணம் சீனோறாப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்ற சிறு புழு. அதற்கு 302 நரம்புக்கலங்கள் மட்டுமே. அவற்றின் இணைப்பு வரைபடம் 1986இலேயே வெளியாகிவிட்டது. 2024இல் பழ ஈயின் மூளைக்கும் ஏறத்தாழ 1,40,000 கலங்கள் கொண்ட வரைபடம் கிடைத்தது. அந்தப் புழு எதையாவது உணர்கிறதா என்று கேட்டால், வரைபடத்தைக் கையில் வைத்திருப்பவரும் இல்லாதவரும் ஒரே நிலையில்தான் நிற்கிறார்கள். லைப்னிட்ஸின் ஆலைக்குள் நாம் உண்மையாகவே நுழைந்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பாளி மாணவி

இதுவரை எழுதியவர்கள் அனைவரும் ஒன்றைக் கேள்வியின்றி ஏற்றிருக்கிறார்கள்: உணர்வின் அனுபவம் ஒருமையானது, விளக்கம் வேண்டியது அந்த ஒருமைக்கே என்பதை. இந்த நாட்டில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கற்பிக்கப்படும் தேரவாத பௌத்தத்தின் மன ஆய்வாகிய அபிதம்மம் அந்த முதற்படியையே ஏற்பதில்லை. ஒரு கணத்தில் தோன்றி மறையும் மிகச் சாதாரணமான சித்தத்திலும் (அறிவுக் கணத்திலும்) பரிசம் (தொடுகை), வேதனை (நுகர்வு), சஞ்ஞை (அடையாளம் காணல்), சேதனை (எண்ணம்), ஏகாக்கிரதை, சீவிதேந்திரியம் (உயிர்ப்பு), மனசிகாரம் (கவனம்) என்ற ஏழு சேதசிகங்கள், அதாவது சித்தத்தோடு எழும் மனக்கூறுகள், தவறாமல் உடனிருக்கும் என்கிறது அது. மொத்தம் 52 சேதசிகங்களும் 89 வகைச் சித்தங்களும் எண்ணப்படுகின்றன. ஒருமைப்பாடாகிய ஏகாக்கிரதையும் அந்த ஏழனுள் ஒன்று என்பதைக் கவனியுங்கள். மற்றவற்றைத் தாங்கும் பொருளாக அது வைக்கப்படவில்லை. அவற்றோடு சேர்ந்து எழுந்து மறையும் ஓர் இயல்பாகவே வைக்கப்பட்டிருக்கிறது.

வாசகர் அண்ணா எழுதிய ஏழு சீர் உதாரணத்துக்கும் இதிலிருந்து விடை உண்டு. குறளைச் சொல்லும்போது ஏழு சீர்களும் ஒரே கணத்தில் மனத்தில் நிற்பதில்லை. ஒரு சீர் மறையும்போது அடுத்தது அதனால் நிபந்தனைப்பட்டு எழுகிறது, கடைசிச் சீர் எழும் கணம் முந்தியவற்றின் விளைவைச் சுமந்திருக்கிறது. சேர்த்துவைக்கும் இடம் ஒன்று வேண்டும் என்ற தேவை, ஏழையும் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் கற்பனை செய்வதால் வந்தது.

கொட்டாஞ்சேனை ஆசிரியர்

பிள்ளையின் மறுமொழி கற்றவரின் மறுமொழி. ஆனால் முந்திய சீரின் விளைவைச் சுமந்திருப்பது ஒன்று, முந்திய சீரை 'நான் சற்று முன் சொன்னது' என்று அறிவது வேறொன்று. கல்லில் விழுந்த உளியடியும் அடுத்த அடிக்கு நிபந்தனையாகிறது. கல் அதை நினைவுகூர்வதில்லை.

சிக்கலிலிருந்து உணர்வு பிறக்கிறது என்ற கருத்து புதியதன்று என்பதையும் சொல்ல வேண்டும். மணிமேகலையில், பூதங்களே எல்லாம் என்று வாதிடும் பூதவாதி, ஆத்திப் பூவும் கருப்புக்கட்டியும் பிறவும் கூடும்போது மதுவின் களிப்புப் பிறப்பதைப் போல, பூதங்கள் கூடும்போது உணர்வு தோன்றும் என்கிறான். பலர் இந்த உவமையோடு நிறுத்திவிடுவார்கள். அதற்கு அடுத்து அவன் சொல்வது இன்னும் முக்கியமானது. உயிரோடு கூடிய உணர்வுடைய பூதம், உயிரற்ற உணர்வில்லாத பூதம் என்று பூதங்களையே இரண்டாகப் பிரித்து, அவ்வவை அவ்வவற்றின் வழியே பிறக்கும் என்கிறான். வெறும் கூட்டு போதாது என்பது பூதவாதிக்கே தெரிந்திருக்கிறது. ஆகவே உணர்வைப் பொருளின் அடியிலேயே வைத்துவிட்டான். நிரலாளர் தம்பி சொன்ன இத்தாலியப் பேராசிரியர் டொனோனியும் கடைசியில் அங்குதான் வந்து சேர்ந்திருக்கிறார் என்று எனக்குப் படுகிறது.

இரவுப்பணி

ஆசிரியர் ஐயாவிடம் ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். கடுமையான வலிப்புள்ள சிலருக்கு, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும், ஏறத்தாழ 20 கோடி இழைகள் கொண்ட பாலத்தைச் சத்திரசிகிச்சையால் வெட்டினார்கள். இவர்களை ஆராய்ந்த ரொஜர் ஸ்பெரிக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது. பார்வையின் இடப்புறத்தில் ஒரு பொருளின் படத்தைக் காட்டினால், நோயாளி 'ஒன்றையும் காணவில்லை' என்று வாயால் சொல்கிறார். அதே நேரத்தில் அவருடைய இடக்கை அந்தப் பொருளைச் சரியாகத் தேடி எடுக்கிறது. இங்கே அறிந்தது யார்? 'ஐம்புலன்' வாதம், கண்டதையும் கேட்டதையும் சேர்த்து அறியும் ஒன்றைக் காட்டியே நிற்கிறது. அந்தச் சேர்க்கையையே ஒரு கத்தி பிரிக்க முடியுமானால், வாதத்தின் அடிப்படை என்னவாகும்?

கொட்டாஞ்சேனை ஆசிரியர்

கத்தி பிரித்தது கருவியை, டொக்டர். காட்சி ஒரு கருவியின் வழியே வந்து கைக்குப் போகிறது, வாய்க்குப் போகவில்லை. கனவில் அறிந்ததை நனவில் சொல்ல முடியாமல் போவதும் உண்டு. அதனால் கனவு கண்டவர் வேறொருவர் ஆகிவிடுவதில்லை. 'ஒடுக்கம் அறிதலின்' என்ற தொடரைக் கனவுக்கும் நனவுக்கும் பொதுவாக நிற்கும் அறிவோனைக் காட்டுவதாகவே நாங்கள் படிக்கிறோம். நனவு, கனவு முதலான ஐந்து அவத்தைகளிலும் கருவிகள் கூடுவதும் குறைவதும் உண்டு, ஆன்மா கூடுவதும் குறைவதும் இல்லை.

இரவுப்பணி

இதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் முடிவான சான்று இல்லை. 2017இல் அம்ஸ்டர்டாமில் இத்தகைய நோயாளிகளை மீண்டும் சோதித்தவர்கள், காட்சி இரண்டாகப் பிரிந்திருந்தும் உணர்வு பிரியவில்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். அந்த முடிவைப் பற்றிய வாதம் இன்னும் நடக்கிறது.

வெள்ளவத்தை வாசகர்

இழையின் மையம் இப்போது வெளிப்பட்டுவிட்டது. உணர்வு பிரிந்தது என்று சோதனை சொன்னாலும் கருவி பிரிந்தது என்கிறார் ஐயா. பிரியவில்லை என்று சொன்னாலும் ஆன்மா ஒன்று என்பதற்கு அது துணையாகிறது. எல்லா வேறுபாடுகளையும் கருவிகளின் பக்கம் வைத்துவிட்ட பிறகு, ஆன்மாவின் பங்காக மிஞ்சுவது 'அறிபவன்' என்ற இடம் மட்டுமே. கான்ட் சொன்ன வெறுமையான 'நான்' அதே இடத்தில்தான் இருந்தது. தருக்க நூலார் இலாகவம் என்று ஒரு நெறியைச் சொல்வார்கள்: இரண்டு விளக்கங்கள் ஒரே அளவுக்கு விளக்குமானால், குறைவாகக் கற்பிப்பதைக் கொள்ள வேண்டும். 36 தத்துவங்களே எல்லா மாற்றங்களையும் விளக்கிவிட்டால், அவற்றுக்கு அப்பால் ஒன்றைக் கற்பிப்பது கூடுதல் சுமையாகிறது. மெய்கண்டாரை நான் நேசித்தே படிக்கிறேன். இந்தக் கேள்வியையும் அந்த நேசத்தோடுதான் கேட்கிறேன்.

ஆனால் இதே நெறியை எதிர்ப்பக்கத்துக்கும் பிடிக்க வேண்டும். எந்த அமைப்பு எவ்வளவு பிணைந்திருக்கிறது என்பதைக் கணக்கிட்டு, அந்த எண்ணே உணர்வு என்று சொல்லும்போது, கணக்குக்கும் உணர்வுக்கும் இடையில் ஒரு சமக்குறி சத்தமின்றிக் கற்பிக்கப்படுகிறது. அது ஆன்மாவைக் கற்பிப்பதைவிடக் குறைந்த சுமை என்று எனக்குத் தோன்றவில்லை. 2023இல் 124 ஆய்வாளர்கள் சேர்ந்து டொனோனியின் அந்த ஒருங்கிணைந்த தகவல் கோட்பாட்டைப் போலி அறிவியல் என்று அறிவித்ததை நான் ஆதரிக்க மாட்டேன், ஏனெனில் அது சோதனைக்கு முன்வந்திருக்கிறது. 2025இல் வெளியான கூட்டுச் சோதனையில் 256 பேரைக் கொண்டு அதையும் அதன் போட்டிக் கோட்பாட்டையும் நேருக்கு நேர் நிறுத்தினார்கள். இரண்டினதும் முக்கியமான எதிர்பார்ப்புகள் சில பொய்த்தன. தன் எதிர்பார்ப்பு பொய்க்கக்கூடிய இடத்தை முன்கூட்டியே சொல்லும் துணிவு ஒரு கோட்பாட்டின் மதிப்பைக் கூட்டுகிறது. சித்தாந்தத்திடம் நான் வேண்டுவதும் அதுதான்: கருவிகளுக்கு எது நேர்ந்தால் 'அறிபவன் ஒருவன்' என்ற கூற்றை விட்டுவிட வேண்டியிருக்கும்?

பாளி மாணவி

அந்தக் கேள்வியை எங்களிடமும் கேட்கலாம் அண்ணா. தாங்கும் பொருள் இல்லை என்ற கூற்றும் எல்லாச் சோதனை முடிவுகளோடும் பொருந்திவிடுகிறது. ஆனால் அபிதம்மம் தன்னைப் பயிற்சியோடு பிணைத்துக்கொண்டிருக்கிறது: கவனித்தால் இன்னின்ன கூறுகள் பிரிந்து தெரியும் என்கிறது. அது வெளியிலிருந்து அளக்கும் சோதனை அன்று என்றாலும், வெறும் கற்பிதம் என்று தள்ளிவிடவும் முடியாது.

கொட்டாஞ்சேனை ஆசிரியர்

தம்பியின் கேள்விக்கு நேராக மறுமொழி சொல்கிறேன். இலாகவம் என்பது இரண்டு விளக்கங்களும் ஒரே அளவுக்கு விளக்கும்போது மட்டுமே பொருந்தும் நெறி. தத்துவங்கள் எல்லா மாற்றங்களையும் விளக்கிவிட்டன என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அவற்றுள் ஒன்றுகூடத் தன்னை 'எனது' என்று சொல்வதில்லை. 'எனதுடல் என்றலின்' என்ற காரணம் அங்கேதான் நிற்கிறது. மாற்றங்களின் பட்டியல் முழுமையடைந்த பிறகும் அது யாருக்கு நிகழ்கிறது என்ற கேள்வி விடைபெறாமல் இருக்கிறது. எது நேர்ந்தால் விட்டுவிடுவீர்கள் என்று கேட்டீர்கள். கருவிகளின் கணக்கிலிருந்தே, வெளியிலிருந்து எதையும் சேர்க்காமல், அந்த 'எனது' எழுவதை ஒருவர் காட்டிவிட்டால் மூன்றாம் சூத்திரத்தின் அந்தக் காரணம் வலுவிழக்கும். அதை நான் மறைக்கவில்லை.

தெமட்டகொடை நிரலாளர்

ஐயா இப்படி ஓர் எல்லையைச் சொன்னதற்கு நன்றி. தன்னையே தன் மாதிரியில் சேர்த்துக்கொள்ளும் நிரல்களை எழுத முடியும். 'இது என் நினைவகம், இது என் உள்ளீடு' என்று அவை பிரித்துக் கையாளும். அது ஐயா சொல்லும் 'எனது' ஆகுமா, அதன் வெளித்தோற்றம் மட்டுமா என்பதை முடிவுசெய்ய என்னிடம் வழி இல்லை. ஆனால் 'சிக்கல் போதுமா' என்று கேட்பதைவிட 'எந்த வகைத் தன்குறிப்பு போதும்' என்று கேட்பது வேலைக்கு உதவும்.

வெள்ளவத்தை வாசகர்

எனக்கும் அப்படியே தோன்றுகிறது. அடுத்த ஞாயிறு நான்காம் சூத்திரத்தைத் தொடங்குகிறோம். மலம் என்பது ஆன்மா தானாக அறியாததற்கு விளக்கமா, அறியாமை என்ற நிகழ்வுக்கு இட்ட பெயர் மட்டுமா என்ற கேள்வியோடு வருவேன். பாளி மாணவி ஏழு சேதசிகங்களைப் பற்றிய பகுதியை ஒரு பக்கத்துக்குள் தமிழில் எழுதித் தந்தால் அதையும் சேர்த்துப் படிக்கலாம். டொக்டருக்கு அன்று பணி இருந்தால், கெற்றமீன் நோயாளிகளின் விவரிப்புகளில் 'நான்' என்பது எப்படி வருகிறது என்பதை இங்கேயே எழுதிவையுங்கள். ஐயா சொன்ன எல்லையைச் சோதிப்பதற்கு அதைவிட அருகிலுள்ள தரவு எனக்குத் தெரியவில்லை.